எம்.சி.பி. இருக்கே, அப்புறம் என்ன பயம்?

வாடகைக்கு வீடு பாக்கப் போனா பாத்ரூம்ல கீசர் இருக்கான்னு எல்லாரும் கேப்போம். அந்த கீசருக்கு எர்த் இருக்கான்னு கேக்கறவங்க குறைவு. கேட்டாலும் ஹவுஸ் ஓனர்கிட்ட இருந்து வர்ற பதில் பெரும்பாலும் இதுதான்: "எம்.சி.பி. போட்டிருக்கு தம்பி, ஷாக்லாம் அடிக்காது."

இந்தப் பதில் தப்பு. ஓம் விதி தெரிஞ்சா போதும், ஏன்னு புரிஞ்சிடும்.

நனைஞ்ச உடம்போட மின்தடையை தோராயமா 1000 ஓம்னு வெச்சுக்கலாம். காய்ஞ்ச தோலுக்கு இது பல மடங்கு அதிகம். 230 வோல்ட்டை 1000-ஆல வகுத்தா 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசை இறுகி, பிடிச்சதை விட முடியாமப் போகலாம். 100 மில்லி ஆம்பியர் ஓரிரு நொடி நெஞ்சு வழியா போனா இதயத்துடிப்பே தாறுமாறாகி உயிர் போயிடலாம். ஆனா கீசர் லைன்ல இருக்கிற 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த 0.23 ஆம்பியர் ஒரு குண்டு பல்பு எரியற மாதிரிதான். அது ட்ரிப் ஆகவே ஆகாது. எம்.சி.பி. காப்பாத்துறது வயரை, ஆளை இல்ல.

ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி. ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் அதுக்குள்ள ஒரே காந்த வளையம் வழியா போகும். போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருந்தா வளையத்துல காந்தப்புலம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். கொஞ்சம் கரண்ட் வேற வழியா, உதாரணத்துக்கு உங்க உடம்பு வழியா தரைக்குப் போனா கணக்கு இடிக்கும்; உடனே சப்ளை கட். வீட்டுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ரகம். 100, 300 ரகமும் கடையில கிடைக்கும். அதெல்லாம் தீவிபத்தைத் தடுக்க, மனுஷனுக்குப் போதாது. இன்னொண்ணு, ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைப் பாக்காது. அதனால எம்.சி.பி.யும் கூடவே வேணும்.

அப்போ எர்த் எதுக்கு? கீசருக்குள்ள இருக்கிற எலிமெண்ட் ஒரு உலோகக் குழாய்; உள்ள ஹீட்டிங் காயில், நடுவுல காப்புக்காக மெக்னீசியம் ஆக்சைடு பொடி. நம்ம ஊர் போர் தண்ணில உப்பு படிஞ்சு படிஞ்சு அந்தக் குழாய் அரிச்சுப்போனா, தண்ணி உள்ள புகுந்து கரண்ட் டேங்குக்கு வந்துடும். எர்த் சரியா இருந்தா அது எர்த் வயர்ல இறங்கும், ஆர்.சி.சி.பி. அப்பவே விழும். எர்த் இல்லன்னா அது வேற வழி கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கும். அந்த வழி, ஈரத்தரையில நின்னுக்கிட்டு குழாயைத் திறக்கிறவர்தான்.

இதுல மோசமான வேலை ஒண்ணு இருக்கு. பழைய வீட்டுல எர்த் வயரே இழுத்திருக்க மாட்டாங்க. சிலர் சாக்கெட்டுக்குப் பின்னாடி நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயரை மாட்டிட்டு "எர்த் குடுத்தாச்சு"ன்னு போயிடுவாங்க. எங்கயாவது நியூட்ரல் கட் ஆச்சுன்னா, எலிமெண்ட் வழியா வர்ற ஃபேஸ் அந்தத் துண்டு வயர்ல ஏறி கீசர் பாடி முழுக்க 230 வோல்ட் ஆயிடும். கீசர்ல ஒரு குறையும் இருக்கவேண்டியதில்ல. லீக் ஆகிற கரண்டும் நியூட்ரல் வழியாவே திரும்பறதால ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவும் தெரியாது. எர்த்தே இல்லாத சாக்கெட்டை விட இது ஆபத்து. குடிபோறதுக்கு முன்னாடி, மெயினை ஆஃப் பண்ணி சாக்கெட்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கேளுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளிய, டபுள் போல் ஸ்விட்சா இருக்கட்டும். அது ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டும். சாதா ஸ்விட்ச்ல ஃபேஸும் நியூட்ரலும் மாறி இருந்தா, ஆஃப் பண்ணாலும் எலிமெண்ட்ல ஃபேஸ் நிக்கும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்ல அடாப்டர் வெச்சு மாட்டறது பிளாஸ்டிக்கை உருக்கற வேலை. உள்ள சாக்கெட் இருந்தே ஆகணும்னா ஷவர்ல இருந்து 60 சென்டிமீட்டருக்கு அப்பால்னு வெளிநாட்டுப் புத்தகங்கள்ல ஒரு கணக்கு வரும். அது கண்ணாடி வெச்ச ஷவருக்கு சரி. பக்கெட்ல மொண்டு ஊத்துற நமக்கு நாலு சுவரும் நனையும், அதனால உள்ள சாக்கெட்டே வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து.

ஹாஸ்டல்ல ஓடுற இமர்ஷன் ராடுக்கும் இதே பிசிக்ஸ்தான். பிளாஸ்டிக் பக்கெட்தானேன்னு கை விடாதீங்க; கரண்ட் வர்றது தண்ணி வழியா. பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் சூடு பாக்கணும். எர்த் பின்னை வெட்டி ரெண்டு பின் ஆக்கின ராடைத் தொடவே வேண்டாம்.

உங்க டி.பி.யைத் திறந்து 30 மில்லி ஆம்பியர்னு போட்ட, டெஸ்ட் பட்டன் வெச்ச யூனிட் இருக்கான்னு பாருங்க. இருந்தா மாசம் ஒருதடவை அமுக்குங்க, டப்புன்னு விழணும். விழலன்னா மாத்தணும். விழுந்தா ஆர்.சி.சி.பி. வேலை செய்யுதுன்னு மட்டும்தான் அர்த்தம். எர்த்தைத் தனியாத்தான் செக் பண்ணணும்.