உங்களுக்குத் தெரியுமா? ஸ்டேட்மென்ட்டில் வரும் புதுப்பெயர்

● ஆன்லைனில் பொருள் வாங்கினால், வங்கி ஸ்டேட்மென்ட்டில் கடையின் பெயர்தான் வரும் என்பதில்லை. அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரோ, ரேசர்பே, பேயூ போன்ற பேமென்ட் கேட்வேயின் பெயரோ வரலாம். ஸ்விக்கி நிறுவனம் முன்பு ‘பண்டில் டெக்னாலஜீஸ்’ என்றே பதிவாகியிருந்தது!

● பெயர் புரியாவிட்டால் தொகை, தேதி, 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றை ஆர்டர் மெயில்களோடு ஒப்பிடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா ஏதும் உண்டா என்றும் பாருங்கள்.

● எதனோடும் பொருந்தாவிட்டால் அது மோசடியாக இருக்கலாம். வாடிக்கையாளரோ வங்கியோ காரணமாக இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை கூறியது. மோசடி என்று தெரிந்தால் உடனே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லிவிடுங்கள்.