புல்லுக்கு அடிச்ச மருந்து... தலைப்பிரட்டைக்கு என்ன ஆச்சு?

மழை விட்டு சில நாள் கழிச்சு, தேங்கின தண்ணியில வாலை ஆட்டிக்கிட்டு நெளியுற தலைப்பிரட்டைகளைப் பார்த்திருக்கீங்களா? மீன்குஞ்சுனு நினைச்சு பாட்டில்ல பிடிச்சுவெச்ச அனுபவம்கூட உங்கள்ல சிலருக்கு இருக்கும்.

வயல்ல தெளிச்ச களைக்கொல்லியை அடிச்சுக்கிட்டு வந்து குட்டையில சேர்க்கிறதும் இதே மழைத்தண்ணிதான். 'புல்லைக் கொல்ற மருந்து தவளையை என்ன பண்ணிடப்போகுது?'ன்னு தோணுதா? அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சதைப் பாருங்க.

ஏன் குட்டிகளுக்கு ஆபத்து அதிகம்?

கோழிமுட்டை மாதிரி தவளை முட்டைக்கு ஓடு கிடையாது, வெறும் ஜெல்லிதான். அதுல இருந்து வர்ற தலைப்பிரட்டை செவுள், தோல் ரெண்டு வழியாவும் சுவாசிக்கும். அதனால தண்ணியில கலந்தது எல்லாம் சுலபமா உடம்புக்குள்ள போயிடும். வால் சுருங்கி, கால் முளைச்சு, தவளையா மாறுறதை தைராய்டு ஹார்மோன்தான் நடத்துது. அந்த நேரத்துல ஹார்மோன் குழம்பினா, வளர்ச்சியே தடம் மாறிடும்.

குற்றவாளி மருந்தா, சோப்பா?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிக் ரெல்யா, கிளைபோசேட் கலந்த 'ரவுண்டப்' களைக்கொல்லியைச் செயற்கைக் குட்டைகள்ல சோதிச்சார். 2005-ல் வெளியான முடிவு இது: 3 வாரத்துல 96 முதல் 100 சதவிகிதத் தலைப்பிரட்டைகள் காலி!

இதுல ஒரு ட்விஸ்ட் உண்டு. மருந்து இலையில ஒட்டுறதுக்காகச் சேர்க்கிற, சோப்பு மாதிரியான 'பி.ஓ.இ.ஏ.' என்ற பொருள்தான் முக்கியக் காரணம்னு கருதப்படுது. அது செவுளைச் சிதைச்சிடும். 'இது நிலத்துக்கான மருந்து, தண்ணியில தெளிக்கக் கூடாது' என்பது தயாரிப்பாளர் தரப்பு வாதம். சரிதான். ஆனா, வயலோரப் பள்ளத்துல முட்டை போடுற தவளைக்கு அது தெரியாதே!

ஆண் தவளை முட்டையிட்டது

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) டைரோன் ஹேய்ஸ், மக்காச்சோள வயல்கள்ல பயன்படுத்துற 'அட்ரசின்' பற்றி ஆராய்ந்தார். மரபணுப்படி ஆணான 40 ஆப்பிரிக்க நகத்தவளைகளை, 2.5 பி.பி.பி. அட்ரசின் கலந்த தண்ணியில குட்டியிலிருந்தே வளர்த்தார். 1,000 லிட்டர் தண்ணி டேங்க்ல சில சர்க்கரைத் துகள் போட்டா எவ்வளவோ, அவ்வளவுதான் இது!

2010-ல் வெளியான முடிவுப்படி, சுமார் முக்கால்வாசி ஆண்கள் இனப்பெருக்கத் திறனை இழந்தன. 10 சதவிகிதம் பெண்ணாகவே மாறி, முட்டையும் போட்டுச்சு. மருந்து நிறுவனம் இதைக் கடுமையா மறுத்தது. அட்ரசினால தவளைகளின் பாலுறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலைனு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-லேயே சொல்லியிருந்தது. இந்த விவாதம் இன்னும் ஓயலை.

நத்தை வழியா வந்த வினை

2008-ல் 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வு இன்னொரு வழியைக் காட்டுச்சு. அமெரிக்காவின் மினசோட்டா ஈரநிலங்கள்ல அட்ரசின் அதிகமான இடங்கள்ல, சிறுத்தைத் தவளைகளின் உடம்புல ஒட்டுண்ணிப் புழுக்களும் அதிகமா இருந்துச்சு. காரணம் சங்கிலித்தொடர் மாதிரி: மிதக்கும் பாசி சாகும், வெளிச்சம் அடிவரைக்கும் போகும், அடியில ஒட்டி வளர்ற பாசி பெருகும், அதைத் தின்னும் நத்தை பெருகும், நத்தையில வளர்ற புழுவும் பெருகும். போதாக்குறைக்கு தவளையோட எதிர்ப்பு சக்தியும் குறையும்.

நமக்கென்ன?

தவளைக்கு நடந்தது அப்படியே மனுஷனுக்கும் நடக்கும்னு அர்த்தமில்லை, பதற வேண்டாம். ஆனா, அமெரிக்காவுல குடிநீர்ல அட்ரசினுக்கு அனுமதிச்ச உச்ச அளவு 3 பி.பி.பி. அந்தத் தவளைகள் வளர்ந்த தண்ணியில இருந்ததைவிட அது அதிகம்! ஐரோப்பிய ஒன்றியத்துல அட்ரசினுக்கு அனுமதியே இல்லை.

உலகின் நீர்நில வாழ் உயிரினங்கள்ல சுமார் 41 சதவிகிதம் அழிவின் விளிம்புல இருக்கு. நாம செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். வீட்டு வாசல் புல்லைக் கையால பிடுங்குங்க. மருந்து தெளிச்சே ஆகணும்னா, மழை வர்ற நாளைத் தவிர்த்துடுங்க. தெளிப்பானைக் குளத்துலயோ வாய்க்கால்லயோ கழுவாதீங்க.

அடுத்த மழை ராத்திரியில தவளைச் சத்தம் கேட்டா எரிச்சல்படாதீங்க பாஸ். அந்தத் தண்ணி இன்னும் கெட்டுப்போகலைங்கிற நல்ல சேதியா அது இருக்கலாம்!