எண்ணிக்கை குறைந்தாலும் பேசும் நியூட்ரான்கள்

மின்னூட்டம் இல்லாத நியூட்ரான் பொருளுக்குள் ஆழமாகப் புகும். எக்ஸ் கதிருக்கு எளிதில் சிக்காத ஹைட்ரஜனை அது நன்றாகக் காட்டும். தானே ஒரு நுண்காந்தம் என்பதால் அணுக்களின் காந்த ஒழுங்கையும் வெளிப்படுத்தும். ஆனால் பொருளில் பட்டுச் சிதறி வரும் நியூட்ரான்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருக்கிறது. 100 நியூட்ரான்களை எண்ணினால் பிழை சுமார் 10 விழுக்காடு. அதை 1 விழுக்காடாகக் குறைக்க 10,000 வேண்டும், அதாவது நூறு மடங்கு நேரம். ஆய்வாளருக்கு நியூட்ரான் தரும் அணு உலையில் கிடைப்பதோ சில நாட்கள்தான்.

இந்த இடத்தில்தான் புள்ளியியல் கைகொடுக்கிறது. நியூட்ரான் வந்து விழுவது தற்செயல். அந்தத் தற்செயலுக்கும் பாய்சான் பரவல் என்ற விதி உண்டு. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பிழையாகக் கொள்வது பழைய வழக்கம். எண்ணிக்கை பெரிதென்றால் பாதகமில்லை. அளவீட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து எண்ணும்போது ஒரு கட்டத்தில் ஒன்றுமே விழாவிட்டால்? சுழியின் வர்க்கமூலம் சுழி. பிழையே இல்லை என்றாகிவிடும். இது அபத்தம். தற்செயலாகக் குறைந்துபோன கட்டங்களுக்கும் அந்த வழக்கம் அதிக நம்பகம் கொடுத்து, தரவுக்குப் பொருத்தும் வரைகோட்டைக் கீழே இழுத்துவிடும். பாய்சான் விதியை நேரடியாகப் பயன்படுத்தினால் வெறுங்கட்டமும் சாட்சியாகிறது: இவ்வளவு நேரம் காத்திருந்தும் எதுவும் வரவில்லை என்றால், இங்கே செறிவு இந்த அளவைத் தாண்டியிருக்க வாய்ப்பு குறைவு.

என் பார்வையில் இதைவிட அழகானது, முன்னறிவையும் தரவையும் சேர்த்து ஒவ்வொரு விளக்கத்தின் வாய்ப்பையும் எடைபோடும் பேயீசிய முறை. திரவத்தில் ஹைட்ரஜன் அசையும்போது நியூட்ரான் சிறிதளவு ஆற்றலைப் பெறும் அல்லது இழக்கும், அதனால் ஆற்றல் வரைபடத்தில் முகடு அகலும். அசைவு ஒரு வகையா, இரு வகையா? ஒவ்வொரு வகைக்கும் ஒரு வளைவைப் பொருத்திப் பார்க்கலாம். வளைவுகளைக் கூட்டக் கூட்டப் பொருத்தம் மேம்படும் என்பதால் பொருத்தத்தை மட்டும் நம்ப முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர் தேவிந்தர் சிவியாவும் உடன் உழைத்தவர்களும் இந்தக் கேள்வியைப் பேயீசியக் கணக்கிடம் கொண்டுசென்றார்கள். கூடுதல் வளைவு தரும் சுதந்திரத்துக்கு அந்தக் கணக்கு விலை கேட்கும். தரவு அந்த விலையைத் தராவிட்டால் ஒரு வளைவோடு நிறுத்திக்கொள்ளும்.

அண்டைப் புள்ளிகளில் செறிவு திடீரெனத் தாவாது என்ற முன்னறிவையும் கணக்கில் சேர்க்கலாம். இதில் கவனம் தேவை: மென்மையை மிகைப்படுத்தினால் உண்மையான ஒடுங்கிய முகடும் கரைந்துபோகும்.

இப்போது இந்தக் கணக்கு அளவீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 1994இல் நோபல் பெற்ற பெர்ட்ரம் பிராக்ஹவுஸ் உருவாக்கிய மூவச்சு நிறமாலைமானி, வழக்கமாகப் புள்ளி புள்ளியாகவே அளக்கும். பிரான்ஸின் கிரனோபிள் நகரிலுள்ள நியூட்ரான் ஆய்வகத்தில் அத்தகைய கருவி ஒன்றில், அதுவரை வந்த எண்ணிக்கைகளைப் பார்த்து, ஐயம் அதிகமுள்ள புள்ளியைக் கணினியே தேர்ந்து அடுத்து அளக்கச் சொல்லும் சோதனைகள் நடந்திருக்கின்றன.