நிபுணர் எத்தனை தடவை தவறுவார்?

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பான்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு கைரேகை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதைத் தன் கணினியில் தேடியபோது, ஆரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரின் ரேகையும் பட்டியலில் வந்தது. எஃப்.பி.ஐ. நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து, அவருடையதுதான் என்றார்கள். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் ஆமோதித்தார். வழக்கறிஞரைச் சிறையில் அடைத்தார்கள். ஸ்பெயின் போலீஸோ அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டுபிடித்தது. இரண்டு வாரச் சிறைக்குப் பிறகு வழக்கறிஞரை விட்டார்கள். 2006-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது.

இப்படி எத்தனைக்கு ஒரு தடவை நடக்கும்? அன்றைக்கு அதற்கு நம்பகமான பதில் யாரிடமும் இல்லை. கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கிய ஆண்டு 1897. நூறாண்டுக்கு மேல் கைரேகையை நம்பித் தண்டனை கொடுத்த பிறகும், இந்த முறையில் பிழை பூஜ்யம் என்றுதான் அமெரிக்க நீதிமன்றங்களில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் ரேகை போல இன்னொருவருக்கு இருக்காது என்பதில் இங்கே சண்டையில்லை. சம்பவ இடத்தில் கிடைப்பது முழு ரேகையல்ல. அழுத்தத்தில் நசுங்கி, பாதி அழிந்து, தூசியோடு கலந்த ஒரு துண்டு. கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று அதில் பார்த்துச் சொல்வது மனிதக் கண். சரிபார்க்கும் இரண்டாமவர் பெரும்பாலும் முதலாமவரின் முடிவு தெரிந்தேதான் பார்ப்பார்.

முன்பே காதில் விழும் செய்தி நிபுணரின் முடிவை மாற்றுமா என்று சோதிக்க இட்டியல் டிரோர் என்ற உளவியல் ஆய்வாளர் 2006-ல் ஒரு வேலை செய்தார். அனுபவமுள்ள ஐந்து நிபுணர்கள் பல ஆண்டுகளுக்கு முன் பொருந்துகிறது என்று தாங்களே முடிவு சொன்ன ரேகை ஜோடிகளை எடுத்தார். “மாட்ரிட் வழக்கில் எஃப்.பி.ஐ. தவறிய ரேகை இது” என்று சொல்லி அவரவரிடமே திரும்பக் கொடுத்தார். ஐவரில் நால்வர் பழைய முடிவை மாற்றினார்கள். ரேகை அதேதான், கண்ணும் அதேதான். காதில் விழுந்த செய்திதான் புதிது. பெரிய இயந்திரம் எதுவும் இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை.

2009-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமி ஓர் அறிக்கை வெளியிட்டது. டி.என்.ஏ.வைத் தவிர, ஒரு தடயத்தை இன்னாருடையது என்று உறுதியாகச் சொல்லும் திறன் வேறெந்த முறைக்கும் ஆய்வால் நிறுவப்படவில்லை என்றது அது. இதில் வியப்பில்லை. டி.என்.ஏ. முறை போலீஸ் ஆய்வகத்தில் பிறந்ததல்ல. 1984-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணுக்களை ஆராயும்போது எதிர்பாராமல் கிடைத்தது. பிழையை அளக்கும் பழக்கமும் அறிவியலோடு சேர்ந்தே வந்துவிட்டது.

அறிக்கைக்குப் பிறகுதான் எண்கள் வரத் தொடங்கின. 2011-ல் எஃப்.பி.ஐ. பணத்தில் வந்த ஆய்வில், 169 நிபுணர்களிடம் ஆளுக்கு ஏறக்குறைய 100 ஜோடி ரேகைகளைக் கொடுத்தார்கள். எது யாருடையது என்ற விடை ஆய்வாளர்களுக்கு மட்டும் தெரியும். வேறு வேறு ஆட்களின் ரேகையை ஒன்றென்று சொன்ன பிழை 0.1 சதவீதம். ஒரே ஆளின் ரேகையை வேறென்று சொன்னது 7.5 சதவீதம்; இந்தத் தவறை ஒரு தடவையாவது செய்தவர்கள் நிபுணர்களில் 85 சதவீதம் பேர். பின்னர் அமெரிக்க நீதித் துறையின் ஆய்வுப் பிரிவான தேசிய நீதி நிறுவனம் பணம் கொடுத்து, மயாமி-டேட் காவல்துறை இன்னொரு ஆய்வு நடத்தியது. அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016-ல் இரண்டையும் அலசியது. குற்றமற்றவரை மாட்டிவிடும் பிழை முதல் ஆய்வின்படி 306-ல் ஒன்று வரையும், இரண்டாவதன்படி 18-ல் ஒன்று வரையும் இருக்கலாம் என்றது. கைரேகை உதவாத முறை என்று அந்தக் குழு சொல்லவில்லை. நம்பலாம், ஆனால் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றது. நீதித் துறை அந்தப் பரிந்துரைகளை ஏற்கவில்லை.

பணம் இல்லாத நாடா அமெரிக்கா? டி.என்.ஏ. நிலுவையைத் தீர்க்கவும் ஆய்வகங்களின் திறனைக் கூட்டவும் அங்கே ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். நிலுவை குறைந்தால் எண்ணிக் காட்டலாம். புது இயந்திரம் வந்தால் திறப்பு விழா நடத்தலாம். பிழையைத் தேடும் ஆய்வு வெற்றி பெற்றால் பழைய தீர்ப்புகள்தான் ஆட்டம் காணும். அதனால்தான் காவல், வழக்குத் துறைகளுக்கு வெளியே தன்னாட்சி நிறுவனம் ஒன்று வேண்டும் என்று 2009 அறிக்கை கேட்டது. அது இன்றுவரை அமையவில்லை. அதற்குப் பதில்போல 2013-ல் வந்த தேசிய ஆணையத்தையும் 2017-ல் காலாவதியாக விட்டார்கள்.

பிரிட்டன் வேறு விதமாகச் சறுக்கியது. உலகின் முதல் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்தை 1995-ல் தொடங்கிய தடய அறிவியல் சேவையை, மாதம் 20 லட்சம் பவுண்டு நட்டம் என்று 2012-ல் மூடியது. வேலை தனியார் கூடங்களுக்குப் போனது. கொடுத்த மாதிரிக்குக் கட்டணம் வாங்கும் கூடம், யாரும் கேட்காத ஆராய்ச்சிக்கு ஏன் செலவழிக்கும்? ஆராய்ச்சிக்கென்று தேசிய நிறுவனம் வேண்டுமென்று 2019-ல் பிரபுக்கள் அவைக் குழு சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தியாவின் புதிய குற்ற நடைமுறைச் சட்டப்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். ஐந்தாண்டுக்குள் மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான கட்டமைப்புக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் 2,254.43 கோடி ரூபாய் ஒதுக்கியது. அறிவித்த இனங்கள் மூன்று: பல்கலைக்கழக வளாகங்கள், மத்திய ஆய்வகங்கள், டெல்லி வளாக விரிவாக்கம். மூன்றும் தேவைதான். அந்தக் கூடங்களில் உட்காரப்போகும் கைரேகை நிபுணர்களிடம் விடை தெரிந்த நூறு ஜோடிகளைக் கொடுத்துப் பார்க்க ஆகும் செலவு, இந்தத் தொகையில் தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம் அடங்கிவிடும்.