தேன் விற்பனைக்கு ஏற்ற புட்டியும் லேபிளும்

தேனை எடுத்து வடிகட்டியதோடு தேனீ வளர்ப்போரின் வேலை முடிந்துவிடுவதில்லை. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் தென்னந்தோப்பில் ஐந்தாறு பெட்டிகள் வைத்துள்ள உழவர்களுக்குத் தென்சென்னை நல்ல சந்தையாகும். ஆனால் ஆதம்பாக்கத்தில் குடியிருக்கும் இல்லத்தரசிக்கு உங்கள் தோப்பும் தெரியாது, தேனீப் பெட்டியும் தெரியாது. பழைய மதுப்புட்டியில் அடைத்து வாசலுக்குக் கொண்டுவரும் தேனைச் சர்க்கரைப் பாகோ என்று அவர் ஐயுறுவது இயல்பே. புட்டியும் லேபிளும்தான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

முதலில் எடைக் கணக்கு. பலர் இதில்தான் நட்டமடைகின்றனர். தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது. ஆகவே 500 மி.லி. புட்டி நிறையத் தேன் ஊற்றினால் அதில் சுமார் 700 கிராம் இருக்கும். அதை 'அரைக் கிலோ' என்று விற்றால், புட்டிக்கு 200 கிராம் இலவசமாகப் போகிறது. ஐந்து புட்டிக்கு ஒரு கிலோ! அரைக் கிலோ தேனுக்குச் சுமார் 360 மி.லி. கொள்ளும் புட்டியும், கால் கிலோவுக்கு 180 மி.லி. கொள்ளும் புட்டியும் போதுமானவை. லேபிளிலும் நிகர எடையைக் கிராமில்தான் குறிக்க வேண்டும். முத்திரையிட்ட தராசில் காலிப் புட்டியின் எடையைக் கழித்து நிறுத்துப் போடவும்.

கண்ணாடிப் புட்டியே சிறந்தது. தேனின் நிறமும் தெளிவும் வெளியே தெரியும், வாசனையை உறிஞ்சாது. பேருந்தில் கொண்டுசெல்வோருக்கு உடையும் அச்சம் உண்டு. அத்தகையோர் உணவுத் தரமுள்ள புதிய பெட் புட்டிகளை வாங்கலாம். குடிநீர் விற்ற பழைய பெட் புட்டிகள் வேண்டவே வேண்டாம். சூடான தேனைப் பெட் புட்டியில் ஊற்றினால் அது நெளிந்துவிடும். வாய் அகன்றிருந்தால் கரண்டி நுழையும்; தேன் உறைந்தாலும் எடுக்கலாம்.

மூடியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தேன் அமிலத்தன்மை உடையது. பூச்சில்லாத தகர மூடியை அரித்துக் கறுக்கச் செய்யும். உட்புறம் பூச்சும் காற்றுப்புகா வளையமும் உள்ள திருகு மூடியே தேவை. தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. கடலோரச் சென்னையில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், மூடி தளர்ந்த புட்டியின் மேற்பகுதி நீர்த்துப் புளித்துவிடும். நம் நாட்டு உணவுத் தரப்படி தேனில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. ஆகவே மூடிய அறைகள் மிகுந்த அடைகளிலிருந்தே தேனெடுக்கவும். கழுவிய புட்டிகளைச் சொட்டு நீரின்றி உலர்த்திய பின்னரே நிரப்பவும்.

இனி லேபிள். பொருளின் பெயர், நிகர எடை, தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், தொகுதி எண், அடைத்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, கிராம் ஒன்றுக்கு என்ன விலை என்பது, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையுடன் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை அவசியம். பொட்டலமிடுபவராகத் தொழிலாளர் துறையிலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தேன் தேனீயிடமிருந்து வந்தாலும் சட்டப்படி அது சைவ உணவே. பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டம் இட வேண்டும். சிலர் இதில் குழம்புகின்றனர்.

லேபிளை மூடியில் ஒட்டாமல் புட்டியின் பக்கத்தில் ஒட்டவும். சுற்றிலும் மறைக்காமல் தேன் தெரிய இடம்விடவும். ஈரம் பட்டால் மை கரையாத தாளாக இருக்கட்டும்.

'சர்க்கரை நோய் தீரும்', 'ஆஸ்துமா ஓடிப்போகும்' என்றெல்லாம் அச்சிடுவது குற்றமாகும். அதற்குப் பதிலாக இரண்டு வரிகள் சேர்ப்பது நலம். ஒன்று, 'ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது' என்பது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால் இவ்வரி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

மற்றொன்று, உறைதல் பற்றியது. தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதால் தேன் உறைகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தேன் விரைவில் உறைவதை மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் நன்கறிவர். இதைச் சர்க்கரைக் கலப்படம் என்றெண்ணி வாடிக்கையாளர் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். 'உறைவது இயல்பு, கைபொறுக்கும் வெந்நீரில் புட்டியை வைத்தால் இளகும், அடுப்பில் நேரடியாகச் சுட வைக்க வேண்டாம்' என்று எழுதிவிடவும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு புட்டியை விற்காமல் வைத்திருங்கள். புகார் வரும் நாளில் அதே தொகுதி எண்ணுள்ள புட்டியை எடுத்து ஒப்பிட்டுக் காட்டலாம்.