பிரசவம் இலவசம்தான், ஆனா பாலத்தைத் தாண்டணுமே!

(எபிசோடின் பேச்சு, வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தித் தரப்பட்டுள்ளது.)

ராமேஸ்வரம் போயிருக்கீங்களா? போயிருந்தா, பாம்பன் ரோட்டுப் பாலத்துல வண்டிய ஓரங்கட்டி, பக்கத்து ரயில் பாலத்தையும் கடலையும் வெச்சு ஒரு செல்ஃபி எடுத்திருப்பீங்க. நானும் எடுத்திருக்கேன். இன்னைக்கு அந்தப் பாலத்துல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். ஆனா பேசப் போறது பிரசவத்தைப் பத்தி.

எங்க அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்க. நான் பார்த்ததில்ல. 1970கள்ல, தங்கச்சிமடத்துல, வீட்டுலயே அவங்களுக்குப் பிரசவம் ஆச்சு. குழந்தை நல்லா இருந்தது. ஆனா தாய்க்கு ரத்தம் நிக்கல. நடுராத்திரி. அப்போ தீவை விட்டு வெளிய போக ரெண்டே வழி. ரயில், இல்லன்னா தோணி. அன்னைக்குக் காத்து கடுமை, தோணி எடுக்க முடியாதுன்னுட்டாங்க. காலைல ரயில் வரட்டும்னு காத்திருந்தாங்க. விடியறதுக்குள்ள பெரியம்மா போயிட்டாங்க. எங்க வீட்டுல இதை "அவ விதி அவ்வளவுதான்"னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்சப்போதான், அது நேரக் கணக்குன்னு புரிஞ்சது.

ரெண்டு மணி நேரக் கணக்கு

பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்கணும். அது சுருங்கினாத்தான் ரத்தக் குழாய்கள் மூடும். சுருங்கலைன்னா குழாயைத் திறந்து விட்ட மாதிரி ரத்தம் போகும். சிகிச்சை எதுவுமே கிடைக்காத ஒரு பொண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறந்துபோகலாம்னு மருத்துவப் பாடங்கள்ல சொல்லித் தர்றாங்க. ஏற்கெனவே ரத்தசோகை இருந்தா அந்த நேரம் இன்னும் குறையும்.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, 2023ல உலகம் முழுக்க ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலயோ பிரசவத்தாலயோ இறந்திருக்காங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர்னு வெச்சுக்கலாம். பத்துல ஒன்பதுக்கும் மேல ஏழை நாடுகள்லயும் அதுக்குச் சற்று மேல இருக்கிற நாடுகள்லயும்தான். இதுல பெரும்பாலான மரணங்களைத் தடுத்திருக்க முடியும். மருந்து இருக்கு, முறை தெரியும். அது அந்தப் பொண்ணுகிட்ட நேரத்துக்குப் போய்ச் சேரலை.

ஏன் சேரலைங்கிறதுக்கு 1994ல தாடியஸ், மெய்ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தாங்க. "மூணு தாமதம்". ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு முடிவெடுக்கிறதுல ஒரு தாமதம். போய்ச் சேர்றதுல ஒரு தாமதம். சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்கிறதுல ஒரு தாமதம். இந்த மூணையும் எடுத்துக்கிட்டு, வாங்க, ராமேஸ்வரம் தீவுக்குப் போவோம்.

முதல் தாமதம்: வீட்டுக்குள்ள

கடற்கரைக் குடும்பங்கள்ல காசு ஒரே சீரா வராது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்துல கையில காசு இருக்காது. மத்த நாள்ல கடலுக்குப் போன மனுஷன் எப்ப கரை திரும்புவார்னு பார்க்கணும். "அவர் வரட்டும், கேட்டுட்டுப் போகலாம்"னு சொல்ற ஒரு வாக்கியத்துல எத்தனை மணி நேரம் போகும்னு யோசிங்க.

இந்தத் தாமதத்தைக் குறைக்கத் தமிழ்நாடு ரெண்டு விஷயம் பண்ணுச்சு. ஒண்ணு, கிராம சுகாதார செவிலியர். சுமார் 5,000 பேருக்கு ஒருத்தர். யார் கர்ப்பமா இருக்காங்க, யாருக்கு பிரஷர் ஏறுது, யாருக்கு ரத்தம் குறைவுன்னு வீடு வீடாப் போய் நோட்டுல குறிச்சு வெக்கிறவங்க இவங்கதான். இன்னொண்ணு காசு. 1987ல 300 ரூபாயில தொடங்கின டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், 2006ல 6,000, 2011ல 12,000, 2018ல 18,000 ரூபாய்னு உயர்ந்தது. இந்த 18,000ல 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். நேரத்துக்குப் பதிவு பண்ணணும், பரிசோதனைக்கு வரணும், அப்பத்தான் தவணை வரும்.

ஆனாலும் ஒரு எண் உறுத்துது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21. தமிழ்நாட்டுல கர்ப்பிணிகள்ல 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கிட்டத்தட்ட பாதிப் பேர். அதாவது, பாதிப் பேர் அந்த ரெண்டு மணி நேரத்தை முழுசா கையில வெச்சுக்காமதான் பிரசவ அறைக்குள்ள போறாங்க.

இதுக்கும் முன்னாடி ஒரு முடிவு இருக்கு. இப்ப குழந்தை வேணுமா, வேண்டாமாங்கிறது. அடுத்தடுத்து வர்ற கர்ப்பம் ரத்தசோகையை இன்னும் மோசமாக்கும். காப்பர்-டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடற 'அந்தரா' ஊசி, மாத்திரை, ஆணுறை எல்லாமே அரசு மருத்துவமனைகள்ல இலவசம். கருக்கலைப்புச் சட்டம் 2021ல திருத்தப்பட்டது. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரோட கருத்து போதும். சில பிரிவினருக்கு ரெண்டு டாக்டர்கள் ஒப்புதலோட 24 வாரம் வரை. கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் இது பொருந்தும்னு 2022 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பெயரை ரகசியமா வெச்சிருக்கணும்ங்கிறதும் சட்டம்தான். இது தெரியாமத்தான் நிறைய பேர் மெடிக்கல் ஷாப்புல தனியா மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தம் போய், கடைசி நேரத்துல ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க.

ரெண்டாவது தாமதம்: பாலம்

ரயில் பாலம் 1914ல திறந்தது. ரோட்டுப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. நடுவுல 74 வருஷம். இந்த 74 வருஷத்துல ராத்திரி வலி வந்த ஒரு பொண்ணுக்கு, ரயில் நேரம்தான் ஆஸ்பத்திரி நேரம். எங்க பெரியம்மா அந்த 74 வருஷத்துக்குள்ள மாட்டினவங்க.

பாலம் வந்தும் உடனே எல்லாம் மாறிடல. வண்டி யார் கொடுப்பா? வாடகைக் காருக்குக் காசு? 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல 108 ஆம்புலன்ஸ் வந்தது. காசு இல்லாம, ஒரு போன்ல வண்டி. அதுக்கப்புறம் 2011ல ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வந்து, பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எல்லாமே அரசு ஆஸ்பத்திரியில இலவசம்னு ஆச்சு.

ஆனா தூரம் அப்படியேதான் இருக்கு. ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். போன் பண்ணி, வண்டி வந்து, ஏத்தி, ஓட்டிப் போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல. நம்ம கையில இருக்கிறது ரெண்டு மணி நேரம். அதுவும் ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா ஊரே வண்டிகளா இருக்கும். இதுக்கு நடுவுல அந்தப் பாலத்துல ரெண்டு பக்கமும் கார் நிறுத்தி செல்ஃபி எடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்தத் தீவுல இருந்து தரை வழியா வெளிய வர வேற ரோடு கிடையாது.

மூணாவது தாமதம்: ஆஸ்பத்திரி வாசலுக்கு அப்புறம்

போய்ச் சேர்ந்தாச்சு. அங்க நர்ஸ் இல்ல, மருந்து இல்ல, ரத்தம் இல்லன்னா? இங்கதான் தமிழ்நாடு அதிகம் பேசப்படாத வேலைகளைப் பண்ணியிருக்கு. 1995ல இருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமா வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புது. மூணு நர்ஸ்களை ஷிஃப்ட் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிற இடமா மாத்தினாங்க. சிக்கலான கேஸ்களுக்கு ஆபரேஷன், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூணும் ராத்திரி பகல் கிடைக்கிற அவசர மகப்பேறு மையங்கள் வந்தது. 2022 ஜனவரியில ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. அதுக்கு முன்னாடி மருத்துவக் கல்லூரி அளவு சிகிச்சைன்னா வேற மாவட்டத்துக்குத்தான் போகணும்.

எல்லாத்தையும் விட முக்கியமா நான் நினைக்கிறது, ஒரு தாய் இறந்தா அதைப் பதிவு பண்ணி, ஏன் இறந்தாங்கன்னு விசாரிக்கிற முறை. யார் மேலயாவது பழி போட இல்ல. எந்தத் தாமதம்னு கண்டுபிடிக்க. குடும்பத்தையும் கூப்பிட்டுக் கேக்கிறாங்க. "விதி"ங்கிற வார்த்தைக்கு அங்க இடமில்ல.

பலன்? 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவுல 97, தமிழ்நாட்டுல 54. 2030க்குள்ள உலகமே 70க்குக் கீழ வரணும்ங்கிறது ஐ.நா. இலக்கு.

கண்ணுக்கு எட்டுற தூரத்துல ஒரு பாடம்

தனுஷ்கோடியில நின்னா கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னார். இலங்கை பணக்கார நாடு இல்ல. ஆனா 1926லயே களுத்துறையில சுகாதாரப் பிரிவு தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளை வீடு வரைக்கும் அனுப்பினாங்க. அரசு ஆஸ்பத்திரியில சிகிச்சை இலவசம். தாய் இறப்புகளை விசாரிக்கிறாங்க. பல பத்து வருஷம் இதை விடாம செஞ்சதாலதான், தெற்காசியாவுல தாய் இறப்பு ரொம்பக் குறைவான நாடுகள்ல ஒண்ணா இருக்கு.

விலை குறைஞ்ச கருவியும் வேலை செய்யும். 2023ல கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவுல 80 ஆஸ்பத்திரிகள்ல ஒரு ஆய்வு. தாய்க்குக் கீழ, அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. எவ்வளவு ரத்தம் போச்சுன்னு கண்ணால குத்துமதிப்பா பார்க்காம, கோட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். தெரிஞ்ச உடனே மசாஜ், மருந்து, ட்ரிப்ஸ் எல்லாத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சிடணும். கடுமையான ரத்தப்போக்கு உள்ளிட்ட ஆபத்துகள் 60 சதவீதம் குறைஞ்சது.

சரி, மிச்சம் என்ன?

"இலவசம்"ங்கிற வார்த்தையை நாம சரியா புரிஞ்சுக்கணும். 2019-21 கணக்கெடுப்புப்படி, இந்தியாவுல அரசு ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்குக்கூட ஒரு குடும்பம் சராசரியா 2,916 ரூபாய் கையில இருந்து செலவழிக்குது. வேலைக்குப் போகாத நாள் கூலியைத் தனியாப் பார்க்கணும். தீவுல இருந்து வர்றவங்களுக்கு இது இன்னும் கூடத்தான் இருக்கும். ஆபத்து அதிகம் உள்ள தாயை நாள் நெருங்கும்போதே ராமநாதபுரத்துல கொண்டுவந்து தங்க வெக்கிறது, பாலத்தை விட நல்ல பாலம். மலைப் பகுதிகள்ல இதுக்காகவே பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கு. தீவுக்கும் அதே நியாயம் பொருந்தும்னு நான் நினைக்கிறேன்.

கேக்கிற உங்களுக்கு நாலு வேலை. வீட்டுல யாராவது கர்ப்பமா இருந்தா மூணு கேள்வி கேளுங்க: ஹீமோகுளோபின் எவ்வளவு? அவசரம்னா எந்த ஆஸ்பத்திரி? ராத்திரி வண்டி எது? ரெண்டாவது, ஒவ்வொரு மாசமும் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகள்ல கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நாள். சந்தேகம்னா 104க்கு போன் பண்ணுங்க. மூணாவது, ரத்த தானம் பண்ணுங்க. நாலாவது, அடுத்த தடவை ராமேஸ்வரம் போகும்போது பாலத்துல வண்டிய நிறுத்தாதீங்க. போட்டோவை மண்டபம் பக்கம் இறங்கி எடுத்துக்கலாம்.

எங்க பெரியம்மாவோட குழந்தை இப்ப அம்பது வயசைத் தொடப் போறாங்க. எனக்கு அக்கா முறை. அவங்க பொண்ணுக்குப் போன வருஷம் ராமநாதபுரத்துல பிரசவம் ஆச்சு. ரத்தம் கொஞ்சம் அதிகமாப் போயிருக்கு. ஊசி போட்டாங்க, நின்னுடுச்சு. "பெருசா ஒண்ணுமில்ல தம்பி"ன்னு அக்கா போன்ல சொன்னாங்க.