இணையவழிக் கல்வி: நேரடி வகுப்பும் பதிவுப் பாடமும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் இராசகிரியின் உயரத்தைக் கண்டு வியக்கின்றனர். அம்மலைகளைச் சூழ்ந்த சிற்றூர்களில் பணியாற்றும் நமக்கோ, மலைகள் கைப்பேசி அலைகளை மறைக்கும் இயல்புடையன என்பதும் நினைவில் நிற்கவேண்டும். இணையவழிக் கல்வியைத் திட்டமிடுங்கால் இது சிறிய செய்தியன்று.

இக்கல்வி இரு வகைப்படும். குறித்த வேளையில் ஆசிரியரும் மாணவரும் திரையில் கூடிப் பயில்வது நேரடி வகுப்பு. முன்னரே பதிவு செய்யப்பெற்ற பாடத்தை மாணவர் தமக்கு வாய்த்த நேரத்தில் கற்பது பதிவுப் பாடம்.

நேரடி வகுப்பில் ஐயம் எழுந்தவுடன் கேட்டுத் தெளியலாம். வராதவர் யாரென ஆசிரியர் அறிவார். ஆயினும், தொடர்பு அறுந்தால் பாடமும் அறுபடும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டபின் இக்குறை நன்கு புலப்பட்டது. ஒரே கைப்பேசியுள்ள இல்லத்தில், தந்தை அதனை எடுத்துக்கொண்டு கழனிக்குச் சென்றால் பிள்ளையின் வகுப்பும் உடன் சென்றுவிடும். அண்ணன் படித்து முடிக்கும்வரை தங்கை காத்திருக்க நேர்ந்த வீடுகளும் உண்டு.

பதிவுப் பாடம் இவ்விடர்களைப் பெரிதும் களைகின்றது. 2019-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபில் மீண்டும் காணலாம். 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களிலுள்ள க்யூ.ஆர். குறியீடுகள் வழியாகவும் காணொளிகளைப் பெறலாம். அலை கிடைக்குமிடத்தில் ஒருமுறை சேமித்துக்கொண்டால், பின்னர் அலையின்றியே பலமுறை பார்க்கலாம். ஆனால், "படித்தாயா?" என்று கேட்பார் இல்லாவிடில், நாளைக்கென ஒத்திவைத்த பாடங்கள் மலையாய்க் குவிந்துவிடும்.

ஆகவே இரண்டையும் இணைப்பதே தக்கது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில், பாடங்கள் வாரந்தோறும் பதிவாக வருகின்றன. ஐயங்களை நேரலையில் தீர்த்துக்கொள்ளலாம். தேர்வை மையத்திற்கு நேரில் சென்று எழுதவேண்டும். பள்ளிச் சிறுவர்க்கோ அருகிலிருந்து துணைபுரிவோரும் தேவை. 2021 அக்டோபர் 27-ஆம் நாள் நம் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம், தன்னார்வலர் வாயிலாக இவ்வுண்மையையே செயலாக்கியது.

நம் ஊராட்சிகளுக்கு நாம் கூறுவது இதுவே: பாடத்தைப் பதிவாக வழங்குவோம், ஐயம் தீர்க்க வாரம் ஒரு நாள் மாலையில் நேரடி வகுப்பு வைப்போம். அவ்வகுப்பிற்கு, இணைப்புள்ள நூலகத்தையோ ஊராட்சிச் சேவை மையத்தையோ திறந்து வைப்போம். படித்த இளைஞர் ஒருவர் அங்கே உடனிருந்து, வராத பிள்ளையின் வீட்டிற்குச் சென்று விசாரிப்பாராக. அறுவடைக் காலத்தில் அந்த நாளையும் வேளையையும் பெற்றோரைக் கலந்தே முடிவு செய்க. அண்ணனுக்காகக் காத்திருந்த தங்கைக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கும்.